கூரை களைந்த கார்: மலையக வரலாற்றில் ஒரு சிறு பக்கம்

மலையகத்தின் வரலாற்றை எழுதப் புகுந்த அறிஞர் பலரும் தேயிலையையும் அதனை நம்பி வாழ்ந்த மக்களையும் மையமாகக் கொண்டே எழுதியுள்ளனர். அது முறையேயாம். கம்பனிகளின் ஆண்டறிக்கைகள், 1854ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தோட்டத்துரைமார் சங்கத்தின் குறிப்புகள், அரசாங்க ஆவணங்கள் ஆகியன அவர்களுக்குக் கைகொடுத்தன. ஆயின், ஆவணம் ஏதுமின்றிக் கைக்குக் கை மாறி வந்த பொருள்கள் சிலவும் மலையகத்தில் உள. அவற்றுள் ஒன்றை இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. தொழிற்சாலையிலிருந்து மூடிய கூரையுடன் வெளிவந்து, பின்னர் வேறொருவர் கையால் அக்கூரை அறுக்கப்பெற்று, துணியாலான ஹூட் பொருத்தப்பெற்ற காரே அப்பொருள். உல்லாசப் பொருளொன்றைப் பற்றி, அதுவும் பெரும்பான்மையான மலையக மக்கள் ஒருநாளும் ஏறி அமர்ந்திராத பொருளொன்றைப் பற்றி, இவ்விதழில் எழுதுவதா என்ற கூச்சம் எமக்கு இல்லாமலில்லை. அதில் ஏறி அமர்ந்தவரைக் காட்டிலும் அதன் கீழே படுத்துக் கிடந்தவரைப் பற்றியே இங்குப் பேசப்போகின்றோம் என்பதனால் அக்கூச்சம் ஓரளவு நீங்குகின்றது.

முதலிற் சொற்பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். திறந்த கார்கள் இருவகைப்படும். வடிவமைக்கும்போதே திறந்ததாக வடிவமைக்கப்பட்டுத் தொழிற்சாலையிலிருந்து அவ்வாறே வெளிவருவது ஒருவகை. எம்.ஜீ. நிறுவனத்தின் டீ.சீ., டீ.டீ., டீ.எப். எனும் சிறு பந்தயக் கார்களும், 1953ஆம் ஆண்டு வெளிவந்த ட்ரையம்ப் டீ.ஆர். 2 காரும் இவ்வகையின. மூடிய காரைப் பின்னர் அறுத்துத் திறப்பது மற்றையது. இவ்விரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினும் எலும்பமைப்பில் வேறுபட்டவை. பழைய கார்களில், அடியிலுள்ள செசி எனப்படும் இரும்புச் சட்டகமே முழுப் பாரத்தையும் தாங்கிற்று. மேலே அமைந்த உடல் வெறும் பெட்டியே. அப்பெட்டியின் கூரையை அகற்றினும் வண்டிக்குப் பெரிய கேடு விளைவதில்லை. இரண்டாம் உலகப் போரின் பின் பரவலான கார்களிலோ தனிச் சட்டகம் இல்லை. தளம், பக்கத்தூண்கள், கூரை ஆகிய யாவும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு, ஒன்றுக்கொன்று தாங்கலாக நிற்கின்றன. அத்தகைய காரின் கூரையை அறுப்பவன் அதன் பலத்தில் ஒரு பங்கையும் சேர்த்தே அறுக்கின்றான்.

மோட்டார் வண்டியின் தொடக்க காலத்தில் திறந்த வண்டியே வழக்கம் என்பதும், மூடிய வண்டி செல்வர்க்குரியது என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கன. நிறுவனம் சட்டகத்தையும் எந்திரத்தையும் விற்கும். வாங்குபவர் உடலை வேறொரு வண்டிப்பட்டறையிற் செய்வித்துக்கொள்வார். உருக்குத் தகட்டை அச்சிற் பொருத்தி அழுத்தும் முறை பரவி, மூடிய உடல் மலிவடைந்த 1920களின் பிற்பகுதியிலேதான் நிலைமை தலைகீழாயிற்று. அதன்பின் கூரை சாதாரணமாயிற்று, கூரையின்மை ஆடம்பரமாயிற்று. இவ்வாடம்பரத்தை விற்பதற்கென்றே மேனாடுகளில் தனி நிறுவனங்கள் தோன்றின. இங்கிலாந்தின் கென்ற் மாவட்டத்தில் 1960களில் இயங்கிய கிறேபோர்ட் நிறுவனம் மினி முதலான பல கார்களின் கூரையை அறுத்து விற்றது. 1966இல் ஹைன்ஸ் உணவுக் கம்பனியின் போட்டியொன்றுக்குப் பரிசாக அது திறந்து கொடுத்த 57 வூல்ஸ்லி ஹோர்னற் கார்கள் இன்றும் சேகரிப்போரால் எண்ணி எண்ணித் தேடப்படுகின்றன. 1975இல் வெளிவந்த ஜாகுவார் எக்ஸ்.ஜே.எஸ். மூடிய காராகவே வந்தது. முழுதும் திறந்த வடிவத்தை அந்நிறுவனம் 1988 வரை தானே செய்யாதிருந்தமையால், அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்து ஹெஸ் அன்ட் ஐசன்ஹார்ட் நிறுவனம் 1986 முதல் அக்காரை அறுத்துத் திறந்து கொடுத்தது. ஹூட் நன்றாகத் தாழ மடிந்து அமர வேண்டும் என்பதற்காகப் பின்புறத்துப் பெற்றோல் தாங்கியையே எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக இரு தாங்கிகளை அமைத்தனர். அவ்வாறு வெளிவந்தவை ஆயிரத்துக்கும் குறைவு. அவற்றை வைத்திருப்போர்க்கு ஜாகுவாரின் கைந்நூல் பாதிவழிதான் உதவும். ஹூட், அதன் மோட்டார், தாங்கிகள் ஆகியவை ஜாகுவாரின் பட்டியலில் இல்லை. எனினும், அங்கு அறுத்தவர் பெயர் தெரியும்; எத்தனை அறுத்தார் என்பதும் ஏறத்தாழத் தெரியும். மலையகத்தில் இவ்விரண்டும் தெரியா. எமது வினா இங்கேயே தொடங்குகின்றது.

கார் வருமுன்னரே மலையகத்திற்குப் பாதை வந்தது. கோப்பிக் காலத்து வண்டிப் பாதைகளும், 1884இல் ஹற்றனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டிய புகையிரதப் பாதையும் வெட்டப்பட்டபின், இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் கார் வந்தது. இலங்கை மோட்டார்க் கழகம் 1904இல் அமைந்தது. தோட்டத்துரைக்குக் கார் விரைவிலேயே அவசியமாயிற்று. ஒரு தோட்டத்து பங்களாவுக்கும் அடுத்த தோட்டத்து பங்களாவுக்கும் இடையே மலையொன்று நிற்கும். கழகத்துக்குச் செல்லவும், நகரத்து வங்கிக்குச் சென்று சம்பளப் பணம் கொணரவும், புகையிரத நிலையத்தில் விருந்தினரை எதிர்கொள்ளவும் கார் வேண்டும். பெரிய துரையின் கார் பாதை வளைவில் ஒலி எழுப்பும்போது கங்காணியும் கணக்கப்பிள்ளையும் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு ஒதுங்கி நிற்பது தோட்டத்தின் அன்றாட ஒழுங்குகளுள் ஒன்றாயிற்று.

ஆயினும் திறந்த கார் இம்மலைகளுக்குப் பொருத்தமான பொருளன்று. வைகாசியில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஹற்றன், வட்டவளை, மஸ்கெலியாப் பக்கங்களில் மாதக்கணக்கிற் பெய்யும். வட்டவளையைச் சூழ்ந்த பகுதி இத்தீவிலேயே மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. ஏறத்தாழ 6,100 அடி உயரத்திலுள்ள நுவரெலியாவில் தை, மாசி மாதங்களின் விடியற்காலையில் உறைபனி புல்லின் மேல் வெண்மையாகப் படியும். இவற்றிடையே திறந்த காருக்கு உகந்த காலம் சித்திரையை ஒட்டிய சில கிழமைகளே. கொழும்புச் செல்வரும் அதிகாரிகளும் வெப்பத்துக்கு அஞ்சி மலையேறும் நுவரெலியா ‘சீசன்’ அக்காலத்திலே அமைந்தமை தற்செயலன்று. குதிரைப் பந்தயம், மலர்க்காட்சி ஆகியவற்றோடு கார்ப் பந்தயமும் சேர்ந்துகொண்டது. நுவரெலியாவை அடுத்த மகாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தின் ஏற்றப் பாதையில் 1934ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மலையேற்றப் போட்டி ஆசியாவின் மிகப் பழைய மோட்டார்ப் போட்டிகளுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது. தேயிலைச் செடிகளுக்கிடையே வளைந்தேறும் அப்பாதையைத் தோட்டத்துத் தொழிலாளரே வெட்டினர். போட்டி நாளில் அவர்கள் கரைமேல் நின்று பார்த்தனர்.

அக்காட்சியில் நின்றவருக்கும் ஓட்டியவருக்கும் இடையிலிருந்த தூரத்தைக் கணக்கிட்டும் பார்க்கலாம். எம்.ஜீ. நிறுவனத்தின் முதற் சிறு பந்தயக் காராகிய எம். வகை மிட்ஜெற் 1929இல் இங்கிலாந்தில் 175 பவுணுக்கு விற்கப்பட்டது. அக்கால நாணய மாற்றின்படி அது ஏறத்தாழ 2,333 ரூபா. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மலைநாட்டு ஆண் தொழிலாளிக்கு வகுக்கப்பட்ட குறைந்தபட்ச நாட்கூலி 54 சதம். உண்ணாது உடுக்காது ஆண்டுக்கு முந்நூறு நாள் உழைத்தாலும் அக்காரின் விலைக்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு மேற் செல்லும். கப்பற் கூலியும் சுங்கத் தீர்வையும் இக்கணக்கிற் சேரா.

இனிப் போருக்குப் பிந்திய காலத்தை நோக்குவோம். 1948 ஒக்டோபரில் இலண்டன் கண்காட்சியில் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் முதன்முதலாக வைக்கப்பட்டது. (மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டிலாகும்.) சிறியது, மலிவானது, ஏற்றத்தில் பிடிவாதமாக ஏறுவது என்ற காரணங்களால் மொறிஸ் மைனர் இலங்கையில், சிறப்பாக மலைநாட்டில், பெரு வரவேற்புப் பெற்றது. துரையிடமிருந்து வைத்தியர், ஆசிரியர், கடை முதலாளி ஆகியோரிடமும் கார் இறங்கி வந்தது இக்காரோடுதான் எனலாம். பந்தயக் காரின் திசைமாற்றும் இலாவகமும் ஏறத்தாழ அதற்கு இருந்தது, ஆகவே, எம்.ஜீ. வாங்க வசதியற்ற இளைஞர்க்கு அதுவே பந்தயக் காராகவும் உதவிற்று. இரு கதவு மைனரை நிறுவனமே மடிப்புக் கூரையுடனும் 1969 வரை செய்தது. ஆனால் இலங்கையில் இன்று மடிப்புக் கூரையுடன் ஓடும் மைனர்களுட் பல தொழிற்சாலையில் திறந்தவையல்ல, இங்கே அறுக்கப்பட்டவை.

ஏன் அறுத்தனர்? விருப்பம் ஒரு காரணம்; இறக்குமதித் தடை மற்றொன்று. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியபோது கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, உள்ளதைக் கொண்டே வாழ வேண்டியிருந்தது. புதிய திறந்த காரை விரும்பியவன் பழைய மூடிய காரைத் திறப்பதன்றி வேறு வழியில்லை. கவிழ்ந்து கூரை நசுங்கிய காரின் கூரையைத் தட்டி நிமிர்த்துவதைவிட அறுத்தெறிந்து ஹூட் போடுவது செலவு குறைந்தது என்பதும் ஒரு காரணமாயிருந்திருக்கலாம் என்றே எமக்குத் தோன்றுகின்றது. மலைப்பாதை வளைவுகளை அறிந்தவர் இதனை மறுக்கமாட்டார்.

அறுக்கும் முறை கவனத்துக்குரியது. தேர்ந்த டிங்கர் வேலைக்காரர் வாளை எடுப்பதற்கு முன், இரு பக்கக் கதவு வாசல்களிலும் குறுக்கே இரும்புக் குழாயைப் பற்றவைப்பார். வண்டியின் அடியில் பல இடங்களில் முட்டுக் கொடுப்பார். அதன்பின் கதவுகளின் கீழே முன்சில்லிலிருந்து பின்சில்லு வரை ஓடும் பக்கப் பெட்டிகளைத் திறந்து உள்ளே தடித்த தகடு வைத்து அடைப்பார். கண்ணாடிச் சட்டத்தின் அடியையும் கதவு பூட்டும் தூணின் அடியையும் முக்கோணத் தகட்டால் இறுக்குவார். இவை யாவும் முடிந்த பின்னரே கூரையிற் கைவைப்பார். அவசரக்காரரோ கூரையை முதலில் அறுத்துவிடுவார். அத்தகைய கார் நடுவில் தொய்ந்து, கதவின் மேல் இடைவெளி ஒடுங்கிக் கீழ் இடைவெளி விரிந்து நிற்கும். பாதையோரத்தில் ஒரு சில்லு மேடேறி நின்றால் கதவு திறவாது, திறந்தால் மூடாது. வாங்கப் போகிறவர் எந்திரத்தைக் கேட்பதற்கு முன் கதவைத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும் என்பது இத்தொழிலறிந்தோர் யாவரும் கூறும் முதற் பாடம்.

பராமரிப்பிலும் மலைநாட்டுக்கு மலைநாட்டுக்கேயுரிய சிரமங்கள் உள. ஹூட்டுத் துணி ஈரத்தோடு மடிக்கப்பட்டால் இரண்டே நாளிற் பூஞ்சணம் பற்றும். ஆகையால், மழையில் நனைந்த ஹூட் காய்வதற்காக விரித்தபடியே நிற்க வேண்டும். ஆடியில் ஹற்றனில் அது எப்போது காயும் என்பது வேறு கேள்வி. தடித்த பருத்தித் துணிக்குப் பருத்தி நூலே ஏற்றது. நனைந்தவுடன் நூல் ஊதி ஊசித் துளையைத் தானே அடைத்துக்கொள்ளும். நைலோன் நூல் அறுந்துபோகாது என்று எண்ணித் தைத்தவர்கள் ஒழுக்கைத் தேடிக்கொண்டனர். பின்புறத்துப் பிளாத்திக்குக் கண்ணாடி வெயிலில் மஞ்சளாகிக் குளிரில் வெடிக்கும். பக்கப் பெட்டிகளின் அடியிலுள்ள நீர்த் துளைகளைத் தேயிலைச் சருகும் செம்மண்ணும் அடைத்துவிட்டால், தாங்கலுக்காக வைத்த தகடே உள்ளிருந்து துருப்பிடித்து உதிரும். எந்திரத்திலிருந்து வடித்த பழைய எண்ணெயை அப்பெட்டிகளுக்குள் ஆண்டுதோறும் பூசிவிடுவது மலிவான காப்பு. நுவரெலியாவில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் சரிசெய்த காபுரேற்றர் இங்கே பெற்றோலை மிகையாகக் கொடுத்துக் கரும்புகை கக்கும். மைனரிலும் எம்.ஜீ.யிலும் உள்ள எஸ்.யூ. காபுரேற்றரின் அடியிலுள்ள அறுகோண நட்டை ஒவ்வொரு முகமாக மேலே திருகி அதனைச் சரிசெய்ய வேண்டும். றம்பொடை ஏற்றத்தில் ரேடியேற்றர் கொதிப்பதும், இறக்கத்தில் கியரைக் குறைக்காது பிறேக்கை நம்பியவர் அது சூடேறிப் பிடியாமற் போகக் கண்டு திகைப்பதும் இவற்றோடு சேரும்.

இவ்வறிவெல்லாம் யாரிடம் இருந்தது? காரின் சொந்தக்காரரிடம் ஒருசிறிதே இருந்தது. தோட்டத்து ‘ஸ்டோர்’ எனப்படும் தேயிலைத் தொழிற்சாலையிற் கொழுந்து அரைக்கும் உருளைகளையும் சிறொக்கோ உலர்த்திகளையும் இரவும் பகலும் ஓடச் செய்த பிற்றர்மார், இரும்பை அறிந்தவர்கள். 1854இல் கண்டியில் ஜோன் வோக்கர் கோப்பி எந்திரங்களுக்காகத் தொடங்கிய பட்டறையிலிருந்து வளர்ந்த எந்திர மரபு மலையெங்கும் பரவியிருந்தது. அம்மரபில் தமிழரும், தாழ்நாட்டிலிருந்து வந்த சிங்களப் பாஸ்மாரும், பறங்கியரும் கலந்து பழகினர். தச்சு வேலையிற் பெயர்பெற்ற மொறட்டுவைக் கைகள் ஹூட்டின் மரவளைவுகளுக்கும் உதவியிருக்கும். தோட்டத்துக் கார்ச் சாரதியோ பெரும்பாலும் தமிழர். அவர் காரைக் கழுவினார், ஹூட்டைக் காயவைத்தார், ஒழுக்கைத் தேடிப் பிடித்தார். ஆனால் காரைப் பற்றிய நினைவுக் குறிப்புகளில், அவை எழுதப்பட்டுள்ள அளவில், இவர்கள் ‘டிரைவர்’, ‘பாஸ்’ என்ற பொதுப்பெயராலேயே வருகின்றனர். காரின் எந்திர இலக்கம் தவறாது குறிக்கப்பட்ட பக்கத்தில் அதனைத் திறந்தவனின் பெயர் இல்லை.

இங்கு முரணொன்று உண்டு. காருக்குப் பதிவுப் புத்தகம் இருந்தது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டத்தின்படி அதன் பிறப்பும் கைமாற்றமும் எழுதப்பட்டன. உடலை மாற்றினால் அதனையும் அறிவித்தல் வேண்டும். காரைப் பழுதுபார்த்தவரோ, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்த் தம் தந்தையோ, பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டிற் பிறந்தமையை எழுத்தில் நிறுவ வேண்டியிருந்தது. லயத்துப் பிறப்புகளுக்கு அத்தகைய எழுத்து பல குடும்பங்களிடம் இல்லை. 1957இல் வாகன இலக்கத் தகட்டில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து புகுத்தப்பட்டது. அதற்கு எதிராக வடகிழக்கில் எழுந்த தார்பூசும் கிளர்ச்சி 1958இல் மலையகத்தையும் தொட்டபோது, மோட்டார் வண்டியின் நெற்றியே மொழிப் பிரச்சினையின் களமாயிற்று. இன்று பழைய காரின் வயதை அறிய விரும்புவோர் அத்தகட்டையே முதலிற் பார்க்கின்றனர். பெரும்பாலும் சிலோன் என்ற பெயரின் ஆங்கில எழுத்துக்களிலிருந்து எடுத்த இரண்டெழுத்து இருப்பின் கார் ‘ஸ்ரீ’க்கு முற்பட்டது என்று மகிழ்கின்றனர். அவ்வெழுத்தின் பொருட்டு அடிபட்டோரை அவ்வேளையில் நினைப்பார் அரியர்.

அறுத்த காரும் தொழிற்சாலையில் திறந்த காரும் சந்தையில் ஒரே விலை பெறா. ஆகவே, ஐயம் நீங்கச் சான்று தேடுவர். 1950களின் பிற்பகுதிக்குப் பிந்திய மைனரின் செசி இலக்கத் தகட்டில் ‘எம்’, ‘ஏ’ என்பவற்றை அடுத்து ‘டி’ எழுத்து வந்தால் அது தொழிற்சாலையிலேயே திறந்தது; ‘2எஸ்’ என்று வந்தால் மூடிய இரு கதவு வண்டி. தகட்டை மாற்றும் தந்திரக்காரரும் உளர் என்பதால் அடியையும் பார்த்தல் நன்று. தொழிற்சாலைத் தாங்கல் தகடுகள் ஒரே அளவாகப் புள்ளிப் பற்றுடன் இருக்கும்; கைவேலையில் பற்றுக்கோடு ஓடியும் வளைந்தும் செல்லும். சேகரிப்போர் இக்கோட்டைக் குறையாகக் கருதுகின்றனர். வரலாற்று மாணவனுக்கு அது கையெழுத்து. ஒரே பட்டறையில் அறுத்த இரு வண்டிகளை அக்கோட்டின் போக்கும், முக்கோணத் தகட்டின் அளவும், ஹூட் வளைவின் கணக்கும் இனங்காட்டக்கூடும். தச்சரின் உளிக்குறி கொண்டு தேர்களை வகைப்படுத்துவது போன்றதே இதுவும். மேற்கூறிய சின்சினாட்டிக் கார்களுக்கு அமெரிக்கச் சேகரிப்போர் பட்டியல் இட்டுள்ளனர். நம் மலைகளில் அறுத்தவற்றை ஒருவரும் எண்ணவில்லை.

காலம் இவ்வேலையைக் கடினமாக்கியுள்ளது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தமும் 1975ஆம் ஆண்டின் கம்பனித் தோட்டத் தேசியமயமும் பிரித்தானியத் துரைமாரின் காலத்தை முடித்துவைத்தன. அவர்கள் விட்டுச்சென்ற கார்கள் பலர் கைக்குச் சென்றன. 1983 ஜூலையில் நுவரெலியா, பதுளை, கண்டி நகர்களிற் தமிழர் கடைகள் எரிந்தபோது கணக்குப் புத்தகங்களும் எரிந்தன. காருக்கு எவர் எப்போது எந்தத் தகடு போட்டார் என்று எழுதப்பட்டிருந்தால் அது அத்தகைய புத்தகங்களிலேயே இருந்திருக்கும். 1990களின் தொடக்கத்தில் ஒரு வியத்தகு திருப்பமும் நிகழ்ந்தது. பழைய காரைப் பேணுவது புதுக்கார் வாங்குவதிலும் சிக்கனமானது என்று 1982இல் நூலெழுதி வாதிட்ட, இங்கிலாந்தின் பாத் நகரத்து மொறிஸ் மைனர் நிலையத்தின் சார்ள்ஸ் வெயர் என்பார், இலங்கைக் கூட்டாளியொருவருடன் சேர்ந்து மைனரின் உடற்பகுதிகளை இத்தீவிலேயே செய்விக்கத் தொடங்கினார். கைக்கருவி கொண்டு தகடு வளைக்கும் திறமை இங்கு அழியாது நின்றமையே அவரை ஈர்த்தது. இறக்குமதித் தடையால் வளர்ந்த திறமை, மைனரின் தாயகத்துக்கே ஏற்றுமதியாயிற்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு 2025 தொடக்கம் வரை நீடித்த காலத்திலும் அப்பழைய பட்டறைகளின் கதவுகளை மக்கள் தட்டினர். திறந்த மைனர்கள் திருமண ஊர்வலங்களிலும் உல்லாசப் பயணிகளுக்காகவும் இன்று ஓடுகின்றன.

பட்டறைகளின் நினைவைத் தேட விரும்பும் மாணவர் ஹற்றனோடும் நுவரெலியாவோடும் நின்றுவிடலாகாது. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கிற்று. அவ்வாறு ஒதுக்கப்பட்டோருள் கொழுந்து பறித்தோர் மட்டுமன்றிப் பிற்றரும் சாரதியும் தச்சரும் இருந்தனர். 1984 வரை ஓடிய தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பலில் ஏறிய அவர்கள் மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்குச் சென்றனர். தாயகம் திரும்பியோர்க்கென 1968இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில், கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியேறினர். கப்பலில் அனுமதித்த பொருள்களோடு சிலர் தம் கருவிப் பெட்டிகளையும் கொண்டு சென்றிருப்பர். அவர்களுள் எஞ்சியோர் இன்று முதியவர்கள். அவர்களிடம் கேட்க வேண்டியதை இப்போதே கேட்டாக வேண்டும்.